புரூடன்ஸ் கிராண்டல்

புரூடன்ஸ் கிராண்டல் (செப்டம்பர் 3, 1803 – ஜனவரி 28, 1890) ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் கறுப்பினப் பெண்களுக்கென உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்தி, அதன் காரணமாகக் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்ட பள்ளி ஆசிரியை ஆவார். கேன்டர்பரி என்னும் சிற்றூரில் அமைந்திருந்த இப்பள்ளி 1833 ஏப்ரல் முதல் 1834 செப்டம்பர் வரை, ஏறத்தாழ பதினேழு மாதங்களே நடைபெற்றது. அதில் ஒரே காலத்தில் பயின்றவர்கள் இருபதைச் சற்றே கடந்த எண்ணிக்கையினர். எனினும் இப்பள்ளியை மூடுவதற்கென்றே மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ் நடைபெற்ற வழக்கு, கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களா என்னும் வினாவை நீதிமன்றத்தின் முன் வைத்தது. 1995ஆம் ஆண்டு கிராண்டல் கனெடிகட் மாநிலத்தின் வீராங்கனையாக அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டார்.

பிறப்பும் இளமையும்

புரூடன்ஸ் கிராண்டல் ரோட் தீவு மாநிலத்தின் ஹாப்கின்டன் ஊரில் பார்டன் கிராண்டல், எஸ்தர் கார்பென்டர் இணையருக்கு மகளாகப் பிறந்தார். இவருடன் பிறந்தவர்கள் ஹெசக்காயா, ரூபன் என்னும் சகோதரர்களும் அல்மைரா என்னும் தங்கையும் ஆவர். குடும்பத்தினர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆண்களைப் போலவே பெண்களுக்கும் கல்வி வேண்டும் என்பது குவேக்கர்களின் கொள்கையாகும். அடிமை முறையையும் அவர்கள் எதிர்த்து வந்தனர். புரூடன்சுக்குப் பத்து வயது ஆகும் காலத்தில் குடும்பம் கனெடிகட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள கேன்டர்பரிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே வேளாண்மை செய்து வந்தார்.

பிராவிடன்ஸ் நகரில் குவேக்கர்கள் நடத்திய உறைவிடப் பள்ளியில் புரூடன்ஸ் பயின்றார். பெரும்பாலான பெண் பிள்ளைகளின் கல்வி எழுத்துக் கூட்டுவதோடும் தையலோடும் நின்றுவிட்ட அக்காலத்தில், கணக்கும் அறிவியலும் கற்கும் வாய்ப்பு இவருக்கு அங்கே கிடைத்தது. பின்னர் கேன்டர்பரிக்கு அடுத்துள்ள பிளெயின்ஃபீல்டு ஊரில் ஆசிரியையாகப் பணியாற்றினார். இக்காலப் பகுதியில் குவேக்கர் பிரிவிலிருந்து விலகிப் பாப்டிஸ்ட் திருச்சபையில் இணைந்தார்.

கேன்டர்பரி பெண்கள் உறைவிடப் பள்ளி

கேன்டர்பரி பண்ணைகள் சூழ்ந்த ஊராகும். ஊரின் நடுவில் பசும்புல் திடலும், அதனைச் சுற்றித் தேவாலயம், கடைகள், வசதி படைத்தோரின் வீடுகள் ஆகியனவும் அமைந்திருந்தன. அவ்வூர்ச் செல்வர்களுக்குத் தம் பெண் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்பாமல் உள்ளூரிலேயே உயர்கல்வி பெறச் செய்யவேண்டும் என்ற விருப்பம் இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1831ஆம் ஆண்டு கிராண்டல், திடலை ஒட்டியிருந்த எலைஷா பெயின் என்பவரின் பெரிய வீட்டை அடமானக் கடன் பெற்று வாங்கினார். தங்கை அல்மைராவின் துணையுடன் அங்கே பெண்கள் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார்.

வகுப்பறை, உணவுக்கூடம், மாணவியர் தங்கும் அறைகள் அனைத்தும் அந்த ஒரே வீட்டுக்குள் அடங்கின. வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஆங்கில இலக்கணம், புவியியல், வரலாறு ஆகியவற்றுடன் இயற்கை அறிவியல், வேதியியல், வானியல், ஒழுக்கவியல் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. விரும்பியவர்கள் ஓவியம், பியானோ இசை, பிரெஞ்சு மொழி ஆகியவற்றையும் கற்றுக்கொள்ளலாம். சில மாதங்களிலேயே பள்ளி நற்பெயர் பெற்றது. ஊரார் தம் பிள்ளைகளை மனநிறைவுடன் அனுப்பி வந்தனர். ஊர்ப் பெருமக்கள் பள்ளியின் ஆதரவாளர்களாகத் தம் பெயரை அளித்திருந்தனர். அவர்களுள் ஒருவர் பள்ளிக்கு எதிர்ப்புறம் குடியிருந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஆண்ட்ரூ ஜட்சன் ஆவார். பின்னர் இப்பள்ளிக்கு முதன்மை எதிரியாக மாறியவரும் இவரே.

சாரா ஹாரிஸ்

பள்ளியின் வீட்டு வேலைகளில் உதவிய மரியா டேவிஸ் என்னும் கறுப்பினப் பெண், வில்லியம் லாயிட் கேரிசன் பாஸ்டன் நகரிலிருந்து 1831 முதல் வெளியிட்டு வந்த லிபரேட்டர் என்னும் அடிமை ஒழிப்பு இதழைப் படிப்பவர். அவர் வழியாக அவ்விதழ் கிராண்டலின் கைக்கும் வந்தது. அடிமை முறையின் கொடுமைகளையும், அடிமையல்லாத கறுப்பினத்தவரும் எதிர்கொண்ட இழிவுகளையும் கிராண்டல் அதன் மூலமே விரிவாக அறிந்தார் எனலாம்.

1832ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மரியாவைக் காண அவ்வப்போது வந்து செல்லும் சாரா ஹாரிஸ் என்னும் இளம்பெண் தன்னைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு கிராண்டலிடம் கேட்டார். சாராவுக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபது. அவருடைய தந்தை சொந்த நிலத்தில் பயிர்செய்த, அடிமையல்லாத கறுப்பின உழவர். விடுதியில் தங்க வேண்டும் என்றுகூடச் சாரா கேட்கவில்லை. வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து படித்து, பிற்காலத்தில் தன் இனக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்பதே அவரது விருப்பம். கிராண்டல் உடனே இசையவில்லை. சில காலம் எண்ணிப் பார்த்த பின்னரே அவரைச் சேர்த்துக்கொண்டார்.

சாரா அப்பள்ளி மாணவியர் சிலருடன் முன்னரே ஊர்ப் பொதுப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அப்போது எவரும் மறுப்புக் கூறவில்லை. எழுத்தறிவுக்கான பள்ளியில் உடனிருந்தவர், உயர்குடிப் பெண்களுக்கான பள்ளியில் உடனிருக்கக் கூடாது என்பதே பெற்றோரின் நிலைப்பாடாக இருந்தது. சாராவை நீக்காவிட்டால் பள்ளி நிலைக்காது என்று ஊர்ப் பாதிரியாரின் மனைவி எச்சரித்தார். பள்ளி மூழ்கினாலும் அப்பெண்ணை வெளியேற்றப் போவதில்லை என்று கிராண்டல் விடையளித்தார். பெற்றோர் தம் பிள்ளைகளை ஒவ்வொருவராக விலக்கிக்கொள்ளத் தொடங்கினர்.

கறுப்பினப் பெண்களுக்கான பள்ளி

இந்நிலையில் பணிந்து போகாமல், கறுப்பினப் பெண்களுக்காகவே பள்ளியை நடத்த கிராண்டல் முடிவு செய்தார். 1833 சனவரியில் பாஸ்டன் சென்று கேரிசனைச் சந்தித்து அறிவுரை பெற்றார். பிராவிடன்ஸ், நியூயார்க் ஆகிய நகரங்களுக்கும் சென்று கறுப்பினக் குடும்பங்களைக் கண்டு பேசினார். பிப்ரவரியில் எஞ்சியிருந்த வெள்ளையின மாணவியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தம் திட்டத்தை வெளியிட்டார். 1833 மார்ச் 2 அன்று லிபரேட்டர் இதழில் பள்ளியின் விளம்பரம் வெளியானது. பாடத்திட்டத்தில் முன்னிருந்த பாடங்கள் ஏறக்குறைய அப்படியே இடம்பெற்றன. வேதியியலும் வானியலும் நீக்கப்படவில்லை. பியானோவும் பிரெஞ்சும்கூட விடப்படவில்லை. கட்டணம் மூன்று மாதத்துக்கு 25 டாலர். அதில் பாதியை முன்பணமாகச் செலுத்தவேண்டும். கறுப்பினத்தவரின் கல்வி என்றால் தொழிற்பயிற்சியும் விவிலிய வாசிப்பும் போதும் என்று நல்லெண்ணம் கொண்டவர்களே கருதிய காலத்தில் இது துணிவான செயலாகும்.

இதன் பின்னணியாகக் கனெடிகட்டின் அன்றைய நிலையை அறிதல் வேண்டும். அமெரிக்காவின் வடமாநிலங்கள் அனைத்தும் அடிமை முறையை வெறுத்தன என்னும் பொதுவான எண்ணம் முழுமையாகச் சரியன்று. கனெடிகட்டில் 1784ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடிமை முறை படிப்படியாகவே நீக்கப்பட்டு வந்தது. முற்றாக ஒழிக்கப்பட்டது 1848ஆம் ஆண்டில்தான். 1818ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு வாக்குரிமையை வெள்ளையின ஆண்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1831ஆம் ஆண்டு நியூ ஹேவன் நகரில் கறுப்பின இளைஞர்களுக்குக் கல்லூரி ஒன்று அமைக்கும் திட்டம் நகரக் கூட்டத்தில் 700க்கு 4 என்ற வாக்கு எண்ணிக்கையில் முறியடிக்கப்பட்டது. அதே ஆண்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் நடத்திய கிளர்ச்சியால் எழுந்த அச்சமும் நாடெங்கும் பரவியிருந்தது.

1833 மார்ச் 9 அன்று கேன்டர்பரி ஊர்க்கூட்டம் கூடியது. பெண் என்பதால் கிராண்டல் அங்கே பேச இயலாது. அவருக்காகப் பேச அருகிலுள்ள புரூக்ளின் ஊரின் யூனிட்டேரியன் போதகரான சாமுவேல் மேயும், குவேக்கரான ஆர்னால்டு பஃபமும் சென்றனர். (இந்தப் புரூக்ளின் கனெடிகட்டில் உள்ளது, நியூயார்க் நகரின் பகுதியன்று.) அவர்களுக்குப் பேச வாய்ப்பு மறுக்கப்பட்டது. பள்ளியை எதிர்த்து ஊர்க்கூட்டம் தீர்மானம் நிறைவேற்றியது. கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக் குடியேற்றவேண்டும் என்று கூறிய சங்கத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளரான ஜட்சன் எதிர்ப்பை முன்னின்று நடத்தினார்.

பள்ளி வாழ்க்கை

அறிவித்தபடியே 1833 ஏப்ரல் 1 அன்று பள்ளி திறக்கப்பட்டது. முதலில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அடுத்த சில வாரங்களில் பாஸ்டன், பிராவிடன்ஸ், நியூயார்க், பிலடெல்பியா ஆகிய நகரங்களிலிருந்தும் கனெடிகட்டின் பிற ஊர்களிலிருந்தும் மாணவியர் வந்து சேர்ந்தனர். ஒன்பது, பத்து வயதுச் சிறுமியர் முதல் இருபது வயதைக் கடந்தவர்கள் வரை அவர்களுள் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நகரங்களில் ஓரளவு வசதியுடன் வாழ்ந்த, அடிமையல்லாத கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள். பண்ணைகளுக்கு நடுவே உள்ள இவ்வூரில் அவர்களை வரவேற்க எவரும் இல்லை.

உள்ளூர்க் கடைக்காரர்கள் பள்ளிக்கு உணவுப் பொருள்களை விற்க மறுத்தனர். பயண வண்டிகளில் மாணவியரை ஏற்றவில்லை. நோயுற்ற மாணவியைப் பார்க்க ஊர் மருத்துவர் வரவில்லை. திடலுக்கு எதிரே இருந்த தேவாலயம் அவர்களுக்குக் கதவடைத்தது. பள்ளியின் கிணற்றில் சாணமும் குப்பையும் கொட்டப்பட்டன. அண்டை வீட்டாரும் தண்ணீர் தரவில்லை. கிராண்டலின் தந்தை தம் பண்ணையிலிருந்து வண்டியில் தண்ணீரும் உணவும் கொண்டுவந்து கொடுத்தார். அதற்காக அவரும் தண்டனை உண்டு என அச்சுறுத்தப்பட்டார். மாணவியர் வெளியில் நடந்து சென்றால் சிறுவர்களும் இளைஞர்களும் பின்தொடர்ந்து கொம்பு ஊதியும், மணி அடித்தும், கற்களையும் முட்டைகளையும் எறிந்தும் தொல்லை கொடுத்தனர். இரவில் சன்னல்களில் கல் விழுவது வழக்கமாயிற்று.

இத்தனைக்கும் நடுவில் பாடங்கள் தடையின்றி நடைபெற்றன என்பதே வியப்புக்குரியது. கேன்டர்பரிச் சிறுமியர் கற்ற அதே இலக்கணத்தையும் புவியியலையும் அதே அறைகளில் இம்மாணவியரும் கற்றனர். தம் நிலையை விளக்கி மாணவியர் எழுதிய எழுத்துகள் லிபரேட்டர் இதழிலும் வெளிவந்தன. ஊருக்கு வெளியே இருந்த பாப்டிஸ்ட் தேவாலயம் ஒன்று அவர்களை ஏற்றுக்கொண்டது. போதகர் மே அடிக்கடி வந்து பார்த்துச் சென்றார்.

மாணவியரை நேரடியாகத் துரத்தும் முயற்சியும் நடந்தது. வேலையின்றித் திரியும் வெளியூரார்மீது பயன்படுத்தப்பட்ட பழைய சட்டம் ஒன்று வழக்கொழிந்து கிடந்தது. அதன்படி ஊரைவிட்டு வெளியேற மறுப்பவர் வாரத்துக்கு 1 டாலர் 67 சென்ட் தண்டம் கட்டவேண்டும். கட்டாமலும் வெளியேறாமலும் இருந்தால் பத்துக்கு மேற்படாத கசையடி கொடுக்கலாம். பிராவிடன்சிலிருந்து வந்திருந்த பதினேழு வயதான ஆன் எலைசா ஹாமண்ட் என்னும் மாணவிமீது இச்சட்டம் ஏவப்பட்டது. அவர் ஊருக்குத் திரும்பிச் செல்லவில்லை. கசையடி நேர்ந்தாலும் ஏற்பதற்கு அவர் அணியமாக இருந்தார். மேயும் பிறரும் பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க முன்வந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பள்ளியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் ஆசிரியையின் துணிவைப் பேசுவர். பெற்றோரைப் பிரிந்து வந்த இப்பெண்களின் துணிவு அதற்குக் குறைந்ததன்று.

கறுப்புச் சட்டமும் கைதும்

ஊரால் முடியாததை மாநிலம் செய்தது. 1833 மே 24 அன்று கனெடிகட் சட்டமன்றம் இயற்றிய சட்டம், பின்னர் கறுப்புச் சட்டம் என்றே அழைக்கப்பட்டது. வேறு மாநிலங்களைச் சேர்ந்த கறுப்பினத்தவருக்குக் கல்வி புகட்டப் பள்ளி அமைப்பதையும், அவர்களுக்கு அதற்காக உணவும் உறைவிடமும் அளிப்பதையும் ஊர் நிருவாகத்தின் எழுத்துமூல ஒப்புதல் இன்றிச் செய்யக்கூடாது என இச்சட்டம் கூறியது. முதல் குற்றத்துக்கு 100 டாலர் தண்டம். இரண்டாம் முறை 200 டாலர். அதன் பின்னர் ஒவ்வொரு முறையும் அது இருமடங்காகும். செய்தி எட்டியதும் கேன்டர்பரியில் தேவாலய மணிகள் ஒலித்தன. பீரங்கி வெடித்துக் கொண்டாடினர்.

கிராண்டல் பள்ளியை மூடவில்லை. ஜூன் 27 அன்று அவரும் அல்மைராவும் கைது செய்யப்பட்டனர். உரிய வயது நிரம்பாததால் அல்மைரா விடுவிக்கப்பட்டார். கிராண்டலுக்குப் பிணை கொடுக்கப் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் மேயும் நண்பர்களும் வேண்டுமென்றே பிணை கொடுக்காமல் விட்டனர். பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவரைக் கனெடிகட் சிறையிலடைத்தது என்ற செய்தியை நாடு அறியவேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். கிராண்டலும் இதற்கு மனமொப்பினார். புரூக்ளின் சிறையில், முன்னர்க் கொலைக்குற்றவாளி ஒருவர் தூக்கிலிடப்படும் வரை அடைக்கப்பட்டிருந்த அறையில் அவர் ஓரிரவைக் கழித்தார். எதிர்பார்த்தபடியே செய்தி நாடெங்கும் பரவியது. நியூயார்க் வணிகர் ஆர்தர் டாப்பன் வழக்குச் செலவை ஏற்றதோடு, கிராண்டலின் தரப்பை எடுத்துரைக்க யூனியனிஸ்ட் என்னும் செய்தித்தாளைத் தொடங்கவும் பணம் அளித்தார். இளைஞரான சார்லஸ் பர்லீ அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்றார்.

வழக்கு

முதல் விசாரணை 1833 ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்றது. மாணவியர் சாட்சிகளாக அழைக்கப்பட்டபோது, தம் விடை தம்மையே குற்றத்துக்கு உட்படுத்தக்கூடும் என்ற அடிப்படையில் முதலில் வாய்திறக்க மறுத்தனர். சான்றாயர்கள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் கலைந்தனர். அக்டோபரில் மாநிலத்தின் தலைமை நீதிபதி டேவிட் டேகட் முன்னிலையில் மீண்டும் விசாரணை நடந்தது. இவர் நியூ ஹேவன் கல்லூரித் திட்டத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர்.

கிராண்டலின் வழக்கறிஞர்கள் வில்லியம் எல்ஸ்வொர்த், கால்வின் காடர்டு, ஹென்றி ஸ்ட்ராங் ஆகியோர். ஒரு மாநிலத்தின் குடிமக்களுக்கு உரிய உரிமைகள் பிற மாநிலங்களிலும் மதிக்கப்படவேண்டும் என அமெரிக்க அரசியலமைப்புக் கூறுகிறது. அடிமையல்லாத கறுப்பினத்தவர் குடிமக்களே. ஆகையால் வேறு மாநில மாணவியர் கனெடிகட்டில் கல்வி பெறுவதைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்பது அவர்களின் வாதம். கறுப்பினத்தவர் அரசியலமைப்பின் பொருளில் குடிமக்கள் அல்லர் என்று டேகட் சான்றாயர்களுக்கு அறிவுறுத்தினார். கிராண்டல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

மேல்முறையீட்டில் 1834 ஜூலை மாதம் மாநில உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் முதன்மையான வினாவுக்கு அது விடையளிக்கவில்லை. பள்ளி ஒப்புதல் இன்றி நடத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டில் முறையாகக் குறிப்பிடப்படவில்லை என்னும் நடைமுறைக் குறையையே அது காரணமாகக் காட்டியது. இதனால் கிராண்டல் விடுதலை பெற்றார். சட்டமோ நிலைத்து நின்றது.

பள்ளியின் முடிவு

வழக்கு நடந்துகொண்டிருந்த 1834 சனவரியில் பள்ளிக் கட்டடத்தில் தீப்பற்றியது. அன்று கடிகாரம் பழுதுபார்க்க அங்கு வந்திருந்த பிரெடரிக் ஓல்னி என்னும் கறுப்பினத்தவர், தீயை அணைக்க உதவியிருந்தும், அவரே தீ வைத்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். விசாரணைக்குப் பின் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் நியூ இங்கிலாந்து அடிமை எதிர்ப்புச் சங்கம் ஓவியர் பிரான்சிஸ் அலெக்சாந்தரைக் கொண்டு கிராண்டலின் உருவப்படத்தை வரையச் செய்தது. இவ்வோவியம் பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிற்று. ஆகஸ்டில் கிராண்டல் பாப்டிஸ்ட் போதகர் கால்வின் ஃபிலியோவை மணந்துகொண்டார்.

1834 செப்டம்பர் 9 அன்று நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் ஒரு கும்பல் தடிகளும் இரும்புக் கம்பிகளும் கொண்டு வீட்டைத் தாக்கியது. கீழ்த்தளச் சன்னல்கள் உடைந்தன. சுமார் 90 கண்ணாடிகள் நொறுங்கின. உள்ளே மாணவியர் இருபது பேர் இருந்தனர். வழக்கையும் கடைக்காரர்களின் புறக்கணிப்பையும் தாங்கிய கிராண்டல், பிள்ளைகளின் உயிருக்கு இனி உறுதியில்லை என்று கண்டு மறுநாள் பள்ளியை மூடினார். மாணவியரிடம் அச்செய்தியைக் கூறும் பொறுப்பு மேயைச் சார்ந்தது. அதைச் சொல்லத் தாம் எவ்வளவு நாணினார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக்குறிப்பில் அவர் பதிவு செய்துள்ளார்.

பிற்கால வாழ்க்கை

வீட்டை விற்றுவிட்டுக் கிராண்டல் கணவருடன் கனெடிகட்டை விட்டு வெளியேறினார். அடுத்த சில ஆண்டுகளில் குடும்பத்தில் துயரங்கள் தொடர்ந்தன. மருத்துவரான தம்பி ரூபன், தொடக்கத்தில் அக்காவின் பள்ளியை ஏற்காதவர். அடிமை ஒழிப்பு வெளியீடுகளை வைத்திருந்ததாக 1835ஆம் ஆண்டு வாஷிங்டனில் அவர் கைது செய்யப்பட்டார். பல மாதச் சிறைவாசத்துக்குப் பின் 1836இல் குற்றமற்றவர் என விடுதலையானாலும், சிறையில் பற்றிய காசநோயால் 1838இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அல்மைரா காலமானார்.

1840களின் தொடக்கத்தில் கிராண்டல் இலினொய் மாநிலத்தின் லாசால் மாவட்டத்தில் குடியேறி, அங்கும் தம் வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மணவாழ்க்கை அவருக்கு நிறைவளிக்கவில்லை. நீண்ட காலம் கணவரைப் பிரிந்தே வாழ்ந்தார். பெண்களின் வாக்குரிமைக்கும் மதுவிலக்குக்கும் ஆதரவு தெரிவித்து வந்தார். 1874இல் கணவர் இறந்த பின்னர், சகோதரர் ஹெசக்காயாவுடன் கேன்சஸ் மாநிலத்தின் எல்க் ஃபால்ஸ் ஊருக்குச் சென்றார். சகோதரரும் 1881இல் இறந்தார். முதுமையில் பெரும் வசதி இல்லாவிடினும் படிப்பையும் ஊர்க்கூட்டங்களில் பேசுவதையும் அவர் விடவில்லை.

கனெடிகட் அவரை மீண்டும் நினைவுகூர்ந்தது 1886ஆம் ஆண்டில். அவருக்கு இழைத்த தீங்குக்கு ஈடுசெய்ய வேண்டும் எனக் கோரும் விண்ணப்பத்தில் கேன்டர்பரி மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஹார்ட்ஃபோர்டு நகரில் வாழ்ந்த எழுத்தாளர் மார்க் டுவைன் இம்முயற்சிக்குத் துணைநின்றார். கேன்டர்பரியில் இருந்த பழைய வீட்டை வாங்கித் தரவும் அவர் முன்வந்தார். கிராண்டல் அதை ஏற்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் ஆண்டுக்கு 400 டாலர் ஓய்வூதியம் வழங்க ஒப்பியது. நான்கு ஆண்டுகள் அதனைப் பெற்ற கிராண்டல், 1890 சனவரி 28 அன்று தம் 86ஆம் வயதில் எல்க் ஃபால்சில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வழக்கின் பின்விளைவுகள்

கறுப்புச் சட்டம் 1838இல் நீக்கப்பட்டது. ஆனால் டேகட்டின் கருத்து அத்துடன் மறையவில்லை. 1857ஆம் ஆண்டின் டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது எனத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜர் டேனி, கனெடிகட்டின் சட்டத்தையும் கிராண்டல் வழக்கையும் தம் கருத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார். மறுபுறம், எல்ஸ்வொர்த்தும் காடர்டும் முன்வைத்த குடியுரிமை வாதம், உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் நடைமுறைக்கு வந்த பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகச் சட்ட வரலாற்றாசிரியர்களால் கருதப்படுகிறது.

ஆண்ட்ரூ ஜட்சனின் பிற்காலம் எதிர்பாராத திருப்பம் ஒன்றைக் கொண்டது. நாடாளுமன்ற உறுப்பினராகச் சிறிது காலம் இருந்த பின் 1836இல் அவர் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியானார். அமிஸ்டாட் கப்பலில் கடத்தி வரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழக்கு அவரிடமே வந்தது. அவர்கள் பிறப்பால் சுதந்திரமானவர்கள், சட்டத்துக்குப் புறம்பாக அடிமைப்படுத்தப்பட்டவர்கள் என்று 1840 சனவரியில் அவர் தீர்ப்பளித்தார்.

மாணவியர்

சாரா ஹாரிஸ் 1833ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஃபேயர்வெதர் என்னும் கொல்லரை மணந்தார். தம் முதல் மகளுக்குப் புரூடன்ஸ் கிராண்டல் என்றே பெயரிட்டார். ரோட் தீவின் கிங்ஸ்டன் ஊரில் வாழ்ந்து அடிமை ஒழிப்பு இயக்கத்தில் ஈடுபட்ட அவர், தம் ஆசிரியையுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார், 1878இல் காலமானார். அவருடைய தங்கை மேரி, உள்நாட்டுப் போருக்குப் பின் நியூ ஓர்லியன்சில் ஆசிரியையாகப் பணிபுரிந்தார்.

ஜூலியா வில்லியம்ஸ் என்னும் மாணவி, கேன்டர்பரிப் பள்ளி மூடப்பட்ட பின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து பயின்ற நோய்ஸ் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். 1835இல் அவ்வூர் மக்கள் எருதுகளைப் பூட்டி அக்கட்டடத்தையே அடித்தளத்திலிருந்து பெயர்த்து இழுத்துச் சென்றனர். அதற்குப் பின்னும் படிப்பைக் கைவிடாத ஜூலியா ஆசிரியையானார். அடிமை ஒழிப்புப் பேச்சாளர் ஹென்றி ஹைலண்ட் கார்னெட்டை மணந்தார்.

நினைவுகள்

பள்ளி நடைபெற்ற வீட்டை 1969இல் கனெடிகட் மாநில அரசு வாங்கியது. 1984 முதல் அது புரூடன்ஸ் கிராண்டல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1991இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஹார்ட்ஃபோர்டிலுள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில், அதாவது கறுப்புச் சட்டத்தை இயற்றிய அதே அவையின் இன்றைய இருப்பிடத்தில், 2008இல் கிராண்டலின் சிலை நிறுவப்பட்டது. அவருடன் மாணவி ஒருவரும் அச்சிலையில் இடம்பெற்றுள்ளார்.